பழைய பீலிக்குப் புது உதிரி: எங்கே பொருந்தும், எங்கே ஒழுகும்?

மழை நாலு நாள் வலுத்துப் பெய்தால் போதும், கூரைப் பீலி (கூரை ஓரத்தில் மழைநீரை வாங்கி ஓடவிடும் வாய்க்கால்), அந்த நீரைக் கீழே இறக்கும் டவுன் பைப் பற்றிய கேள்விகள் வந்து குவிந்துவிடும். பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் அவை சுற்றிச் சுற்றி வருகின்றன: பழையதும் புதியதும் சேரும் இணைப்பு. பலருக்கும் உதவக்கூடிய சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் டவுன் பைப் 3 இன்ச் வார்ப்பிரும்பு. கீழ்ப்பாதி துருப்பிடித்து உடைந்துவிட்டது. அதற்கு 75 மி.மீ. பிவிசி பைப் வாங்கினேன். இரும்பு முனை புது சாக்கெட்டுக்குள் (பைப்பின் அகன்ற வாய்) நுழையவே இல்லை. கடைக்காரரோ 3 இன்ச்சுக்கு இதுதான் அளவு என்று அடித்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் சரி. வார்ப்பிரும்புக் குழாயை உள்விட்டத்தை வைத்துச் சொல்வது வழக்கம். மெட்ரிக் அளவில் விற்கும் பிவிசி பைப்பின் 75 மி.மீ. என்பது வெளிவிட்டம். 3 இன்ச் என்றால் 76.2 மி.மீ.; அதோடு இரும்பின் கனமும் சேர்ந்தால் வெளிப்புறம் 80 மி.மீட்டரைத் தாண்டிவிடும். 75 மி.மீ. பைப்புக்கான சாக்கெட்டில் அது எப்படி நுழையும்?

இனி பெயரளவை நம்பாதீர்கள். முனையில் உள்ள துருவையும் பெயிண்ட் பொருக்கையும் நீக்கிவிட்டு, ஒரு நூலைச் சுற்றி அதன் நீளத்தை 3.14ஆல் வகுங்கள். நூல் 260 மி.மீ. வந்தால் வெளிவிட்டம் ஏறக்குறைய 83. பழைய குழாய் சரியான வட்டமாக இருக்காது என்பதால், ஸ்கேலைக் குறுக்கே வைத்து அளப்பதைவிட நூல்தான் நம்பகமானது. பிறகு இரண்டு முனைகளின் வெளிவிட்டத்தையும் தனித்தனியே சொல்லி, ஸ்டீல் கிளாம்ப் போட்ட ரப்பர் கப்ளிங் கேளுங்கள். இடையில் உள்ள வித்தியாசத்தை அது சமாளித்துக்கொள்ளும். இன்னொன்று: மேல் குழாயைவிடக் கீழ்க் குழாய் குறுகினால், அந்தப் படியில்தான் இலை தழை தங்கும். முடிந்தால் கீழே ஒரு அளவு பெரிய பைப் போடுங்கள். மேல் முனை கீழ் சாக்கெட்டுக்குள் இறங்கி நிற்க வேண்டும்.

கேள்வி: பிளாஸ்டிக் பீலியில் உடைந்த ஒரு நீளத்தை மட்டும் மாற்றினேன். இணைப்பில் சிலிக்கான் அப்பியும் சில மாதத்தில் மறுபடி ஒழுகுகிறது. வெயிலில் டக் டக் என்று சத்தம் வேறு.

பதில்: அந்தச் சத்தமே நோயைச் சொல்லிவிடுகிறது. பிவிசி வெப்பத்தில் நன்றாகவே நீளும். 4 மீட்டர் துண்டு ஒன்று, குளிர்ந்த இரவுக்கும் சுள்ளென்ற வெயிலுக்கும் இடையே 40 டிகிரி மாறினால் சுமார் 1 செ.மீ. நீளும். அதற்கு வழிவிடாமல் இரு முனையையும் முட்ட வைத்தால், ஒன்று பீலி வளையும், இல்லாவிட்டால் சிலிக்கான் பிய்ந்துகொள்ளும்.

இணைப்புத் துண்டின் உட்புறத்தை உற்றுப் பாருங்கள். பலவற்றில் ஒரு கோடு வார்த்திருக்கும். பீலியின் முனை அந்தக் கோட்டோடு நிற்க வேண்டும், அதைத் தாண்டிப் போகக் கூடாது. சிலிக்கானை முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது ரப்பர் சீல் போடுங்கள். வழுக்கிப் போக சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸும் வாசலினும் வேண்டாம். அந்த வகை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊதிவிடும்.

அப்புறம், உருவம். எல்லாம் அரைவட்டம்தானே என்று தோன்றும். ஆனால் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் விளிம்பு மடிப்பு ஓரிரு மி.மீ. மாறும். அந்த ஓரிரு மி.மீட்டரில்தான் கிளிப் கவ்வுவதும் நழுவுவதும் இருக்கிறது. உடைந்த பீலியிலிருந்து ஒரு சாண் அறுத்துக் கடைக்கே எடுத்துப் போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். போட்டோ காட்டி வாங்குவது வேலைக்கு ஆகாது.

கேள்வி: பழைய ஜி.ஐ. தகரப் பீலிக்கு மேல்தளத்திலிருந்து செம்புப் பீலி ஒன்றை இறக்கலாமா? பார்க்க அழகாக இருக்கும்.

பதில்: வேண்டாம். செம்பின் மேல் ஓடிவரும் தண்ணீர் ஜி.ஐ. தகரத்தின் துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அலுமினியத்துக்கும் இதே கதிதான்.

கேள்வி: சாம்பல் நிற சிமென்ட் பீலி. பழைய வீடு. புது அவுட்லெட்டுக்கு ஒரு ஓட்டை போட வேண்டும், என்ன பிட் நல்லது?

பதில்: டிரில்லைக் கீழே வையுங்கள். 20ஆம் நூற்றாண்டின் பல பத்தாண்டுகளில் சிமென்ட் பீலியிலும் கூரைத் தகட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்தார்கள். கண்ணால் பார்த்து அதை உறுதிசெய்ய முடியாது. ஆய்வகச் சோதனைதான் வழி. அதுவரை துளைக்காதீர்கள், அறுக்காதீர்கள், கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குப் போனால் புற்றுநோய்வரை கொண்டுவிடும். ஆஸ்பெஸ்டாஸ்தான் என்று தெரிந்தால், பயிற்சி பெற்றவர்களை வைத்து முழுதாகக் கழற்றிவிட்டு வேறு பீலி போடுவதே மேல். ஒரு ஓட்டைக்காக இந்த ஆபத்து எதற்கு?

கேள்வி: வார்ப்பிரும்புப் பீலியின் இணைப்பு போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது. சுத்தியலால் தட்டலாமா?

பதில்: தட்டினால் போல்ட்டுக்கு முன்னால் பீலிதான் விரிசல் விடும். ஆக்ஸா பிளேடால் நட்டுக்கு மேலே அறுத்துவிடுங்கள்; எப்படியும் அந்த போல்ட்டைத் திரும்பப் போடப் போவதில்லை. இணைப்பில் காய்ந்து கிடக்கும் புட்டியை (பழைய அடைப்புப் பசை) சுரண்டி, சீலன்ட்டை ஒரே சீராக இழுத்து, புது ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டு, சீலன்ட் லேசாகப் பிதுங்கும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் நனைத்துத்தான் சுரண்ட வேண்டும். இந்தப் பீலி பயங்கரக் கனம். ஏணியில் தனியாக நின்று தாங்கிப் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: புது பிராக்கெட் மாற்றியதிலிருந்து நடுவில் தண்ணீர் வழிகிறது.

பதில்: வாட்டம் கெட்டிருக்கும். மீட்டருக்கு 3 மி.மீ. போதும், 6 மீட்டர் பீலிக்கு 18 மி.மீ. சரிவு. இரு முனைக்கும் நூல் கட்டிப் பாருங்கள், எந்த பிராக்கெட் தொங்குகிறது என்று தெரிந்துவிடும். பிளாஸ்டிக் என்றால் பிராக்கெட்டுகளுக்கு இடையே 1 மீட்டருக்கு மேல் விடாதீர்கள். வாட்டம் சரியாக இருந்தும் வழிந்தால் கணக்கைப் பாருங்கள்: 1 மி.மீ. மழை 1 சதுர மீட்டரில் 1 லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 100 மி.மீ. கொட்டினால் நிமிடத்துக்கு 80 லிட்டருக்கு மேல் வரும். ஒரே ஒரு அவுட்லெட் அதைத் தாங்காவிட்டால் இன்னொன்று வைப்பதுதான் வழி.

கேள்வி: டவுன் பைப் இணைப்புகளை எல்லாம் சால்வென்ட் போட்டு ஒட்டிவிடவா?

பதில்: வெளிச்சுவரில் இருந்தால் வேண்டாம். ஒட்டாமல் விட்டால் நீள இடம் கிடைக்கும், அடைப்பு எடுக்கக் கழற்றவும் முடியும். கீழே அடைத்துக்கொண்டால் எந்த இணைப்பில் தண்ணீர் பீச்சுகிறதோ, அடைப்பு அதற்குக் கீழே. முனையை சாக்கெட்டின் அடிவரை இறக்கி, பிறகு 1 செ.மீ. மேலே இழுத்துவிட்டு கிளாம்ப்பை முறுக்குங்கள்.