அச்சடிக்காத நாளிலும் மை தீர்கிறதா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். மாதம் ஐம்பது, அறுபது பக்கம் வினாத்தாள் பிரிண்ட் எடுப்பேன். எல்லாம் கறுப்பு எழுத்துதான். கார்ட்ரிட்ஜ் போடும் இன்க்ஜெட் பிரிண்டர். மாற்றி மாளவில்லை. கோடை விடுமுறை முடிந்து போட்டால் எழுத்தே விழுவதில்லை. இன்க் டேங்க் பிரிண்டர் வாங்கினால் செலவு குறையுமா?

பதில்: உங்கள் உபயோகத்துக்கு டேங்க் பிரிண்டர் வேண்டாம். அதிலும் மையைத் தெளிக்கும் ஹெட் காயும்; அடிக்கடி, அதுவும் கலரில் எடுப்பவர்களுக்குத்தான் அது லாபம்.

முதலில், பிரிண்டரை எப்படி அணைக்கிறீர்கள்? வேலை முடிந்த கையோடு சுவர் சுவிட்சைத் தட்டினால் ஹெட் சில சமயம் பாதி வழியில் திறந்தபடி நின்றுவிடும். பிரிண்டரின் பவர் பட்டனை அழுத்தினால்தான் அது ஓரமாகப் போய் ரப்பர் மூடியின் மேல் சரியாக உட்காரும். சேலத்து ஏப்ரல் வெயிலில் திறந்து கிடக்கும் மை என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. மறுபடி ஆன் செய்ததும் கடகடவென்று ஒரு சத்தம் வருகிறதே, அப்போது பிரிண்டர் நல்ல மையை இழுத்து உள்ளே இருக்கும் பஞ்சில் கொட்டுகிறது. கார்ட்ரிட்ஜில் இருப்பதே சில மில்லி. பழைய பிரிண்டரைக் கழற்றிப் பார்த்தால் அந்தப் பஞ்சு கன்னங்கரேலென்று ஊறிக் கிடக்கும். அத்தனையும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மை! விடுமுறையிலும் வாரம் ஒரு பக்கம் எடுத்துவிடுங்கள்.

எழுத்து விழவில்லையென்றால் எடுத்த எடுப்பில் ஹெட் கிளீனிங் கொடுக்காதீர்கள்; அதுவும் மையைத் தின்னும். பல சிறிய பிரிண்டர்களில் ஹெட் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கும். டிஷ்யூவை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, அதன்மேல் அடிப்பகுதியைச் சில நொடிகள் ஒற்றுங்கள். கறுப்புக் கோடு முழுதாகப் பதிந்தால் அடைப்பு விட்டது. மை குறைவு என்ற எச்சரிக்கை உத்தேசக் கணக்குதான். பார்த்ததும் பதற வேண்டாம். ஆனால் எழுத்து வெளுத்த பிறகும் ஓட்டாதீர்கள், சில வகைகளில் மையில்லாமல் ஹெட் சூடேறிக் கெட்டுவிடும்.

கிரேஸ்கேல் (கறுப்பு வெள்ளை) என்று கொடுத்தாலும் பல பிரிண்டர்கள் கலர் மைகளையும் கலந்தே அடிக்கும். கறுப்பு மை மட்டும் என்ற அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, கூடவே மை குறைவாக விழும் டிராஃப்ட் அமைப்பையும் வையுங்கள். லதா எழுத்துருவுக்குப் பதில் நிர்மலா யூஐ செமிலைட் மெலிதாக விழும். ஒரு ஏ4 தாளில் இரண்டு வினாத்தாள் வைத்து நடுவில் வெட்டிக்கொள்ளலாம்.

பிரிண்டர் மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் கறுப்பு வெள்ளை லேசர் பாருங்கள். அதில் மைக்குப் பதில் டோனர் என்ற பொடி; இரண்டு மாதம் சும்மா கிடந்தாலும் காயாது. டோனர் விலையைப் பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கையால் வகுத்து, தாள் விலையையும் சேர்த்து, உங்கள் தெரு ஜெராக்ஸ் கடை விலையோடு ஒப்பிடுங்கள். பக்கத்தில் சுமார் 5 சதவீத இடத்தில்தான் மை விழும் என்று வைத்துப் போட்ட எண்ணிக்கை அது; படம் நிறைய இருந்தால் குறையும். கடை மலிவு என்றால் ஒரு பிரதி வீட்டில் எடுத்து மீதியை அங்கே போடுங்கள், அதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

தாள் 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) போதும். ஏற்காட்டில் இருப்பவர்கள் மட்டும் ட்ரேயில் அன்றைக்குத் தேவையான தாளை மட்டும் வைத்து, மீதியைக் கவரோடு மூடி வையுங்கள். பனியில் நமத்த தாள் சுருண்டு, இரண்டிரண்டாக இழுபட்டுச் சிக்கும்.