அமெரிக்காவில் பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிக் கிரெடிட் வாங்குவது நல்லதா?

கேள்வி: என் அக்கா மகள் டெக்சாஸில் 10ஆம் வகுப்பு முடிக்கிறாள். அடுத்த ஆண்டு ஏ.பி. பாடங்கள் எடுப்பதா, டூயல் கிரெடிட் எடுப்பதா என்று பள்ளியில் கேட்கிறார்கள். அக்கா எங்களிடம் யோசனை கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்:

என் தங்கை மகளும் டெக்சாஸில்தான் படித்தாள். நான் அம்பாசமுத்திரத்தில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அவள் ஏ.பி. நுண்கணிதம் எடுத்த ஆண்டு முழுவதும் வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போனில் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அங்கே அப்போது முந்தைய நாள் மாலை. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்பது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம். நடத்துவது பள்ளி ஆசிரியர். மே மாதம் காலேஜ் போர்டு என்ற அமைப்பு ஒரு பொதுத் தேர்வு வைக்கும். மதிப்பெண் 1 முதல் 5 வரை. வகுப்பில் ஆண்டு முழுவதும் எவ்வளவு வாங்கினாலும் கல்லூரிக் கிரெடிட்டை, அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகுகளைத் தீர்மானிப்பது அந்த ஒரு தேர்வுதான். டூயல் கிரெடிட் அப்படியல்ல; ஒரே பாடம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் கணக்கில் சேரும். பிள்ளை பள்ளியில் இருந்துகொண்டே பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் (கம்யூனிட்டி காலேஜ்) மாணவியாகப் பதிவு செய்கிறாள். பருவ முடிவில் வரும் கிரேடுதான் எல்லாம். ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் 3 கிரெடிட்; இளங்கலைப் பட்டத்துக்குச் சுமார் 120 வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலைந்து பாடம் சேர்ந்தாலே ஒரு பருவக் கட்டணம் மிச்சம்.

வீட்டுப் பெரியவர்கள் 'பதினாறு வயதில் கல்லூரியா?' என்று பயந்தால், நம் ஊர்க் கதையையே சொல்லுங்கள். என் அப்பா 11ஆம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு படிக்கப் போனவர். அப்போது அவருக்கு அந்த வயதுதான். 1978இல் மேல்நிலை வகுப்புகள் வந்த பிறகுதான் அந்தப் படிப்பு பள்ளிக்கூடத்துக்குள் வந்தது.

ஆனால் இரண்டில் எது என்பதை வயது தீர்மானிக்காது. பிள்ளை பிறகு எந்தக் கல்லூரிக்குப் போகப் போகிறாள் என்பதுதான் தீர்மானிக்கும். இதை நாங்கள் தாமதமாகத்தான் உணர்ந்தோம். நாற்று எவ்வளவு செழித்து நின்றாலும் நடுவதற்கு வயல் வேண்டுமே. என் தங்கை மகள் 11ஆம் வகுப்பில் அமெரிக்க வரலாற்றையும் ஆங்கிலத்தையும் டூயல் கிரெடிட்டில் எடுத்தாள். டெக்சாஸ் மாநில அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று இரண்டையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது. அந்த மாநில அரசுக் கல்லூரிகளுக்குப் பொதுவான பாட எண் முறை உண்டு. வேறு மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றோ, பள்ளிச் சான்றிதழுக்குக் கணக்கில் எடுத்த பாடத்துக்கு மறுபடியும் கிரெடிட் தரமாட்டோம் என்று எழுதிவிட்டது. ஏ.பி.க்கும் இப்படி வேறுபாடு உண்டு. 3 வாங்கினாலே ஏற்கும் கல்லூரிகளும் உண்டு, 5 கேட்கும் கல்லூரிகளும் உண்டு.

அடுத்தது கிரேடு. வரலாற்று வகுப்பில் முதல் நாளே எல்லாக் கெடுக்களும் அச்சிட்ட தாளில் வந்துவிட்டன. இசைக்குழுப் பயிற்சிக்கு நடுவே ஒரு கட்டுரையின் கெடுவைத் தவறவிட்டாள். பள்ளி ஆசிரியராக இருந்தால் இன்னும் இரண்டு நாள் கொடுத்திருப்பார். பேராசிரியர் கொடுக்கவில்லை. கடைசியில் 'சி' வந்தது. அது கல்லூரி மதிப்பெண் பட்டியலில் நிரந்தரமாக இருக்கும். நாளை மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் அதையும் சேர்த்துத்தான் சராசரி பார்ப்பார்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளை, "மாமா, நான் எடுத்திருக்கவே கூடாதோ?" என்று கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஏ.பி. தேர்வில் குறைந்தால் அந்த மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பாமலே விட்டுவிடலாம்.

நுண்கணிதத்தைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஏ.பி. வினாத்தாளில் தொட்டிக்குள் தண்ணீர் வரும் வீதம், வெளியேறும் வீதம் கொடுத்து, எப்போது நீர் அதிகமாக இருக்கும் என்று கேட்பது வழக்கமான கணக்கு. அவளுக்கு அது பிடிபடவே இல்லை. ஒருநாள் நாளிதழில் வந்த பாபநாசம் அணை நிலவரத்தை வாசித்துக் காட்டினேன். நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை. "மழை நின்று வரத்து குறைந்துகொண்டே வருகிறது. மட்டம் எப்போது ஏறுவதை நிறுத்தும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வரத்தும் வெளியேற்றமும் சமமாகும்போது" என்றாள். அதற்குப் பிறகு அந்த வகைக் கணக்கில் அவள் தவறியதில்லை. தேர்வில் 4 வாங்கினாள். அப்படிப் புரிந்து படித்தால் மட்டுமே அந்தக் கிரெடிட்டை வைத்து அடுத்த நிலைக் கணிதத்துக்குத் தாவலாம். பொறியியல் படிக்கப் போகிற பிள்ளை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு தாவினால் அங்கே போய்த் திணறும்.

ஆகவே அக்காவிடம் இதைச் சொல்லுங்கள். மகள் ஆசைப்படும் நாலு கல்லூரிகளின் பெயரை முதலில் எழுதட்டும். எந்த ஏ.பி. மதிப்பெண்ணுக்கு எவ்வளவு கிரெடிட், டூயல் கிரெடிட்டை ஏற்பார்களா என்று ஒவ்வொன்றின் இணையதளத்திலும் பார்க்கட்டும். தெளிவில்லை என்றால் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். டெக்சாஸ் அரசுக் கல்லூரிதான் என்றால் ஆங்கிலத்தையும் வரலாற்றையும் டூயல் கிரெடிட்டில் தாராளமாக எடுக்கலாம். ஆனால் முதல் பருவத்தில் ஒன்றே ஒன்று. கணிதமும் அறிவியலும் ஏ.பி.யில் இருக்கட்டும்.

நுண்கணிதத்தில் சந்தேகம் வந்தால் எனக்குச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். காலை ஐந்தரை மணிக்கு நான் விழித்துத்தான் இருப்பேன்.