அறிவியல் கேள்வி–பதில்: சில்லுக்குள் உயிர் தங்கும் இழையம்

கேள்வி: ஈரல் துண்டை வளர்ப்பூடகத்தில் இட்டு 37 பாகையில் வைத்தால் மறுநாளே நடுப்பகுதி இறந்துவிடுகிறது. நுண்பாய்மச் சில்லில் (மயிரளவு கால்வாய்களில் திரவம் ஓடும் சிறு தகட்டில்) மட்டும் எப்படிப் பிழைக்கிறது?
– மாணவி, அறிவியல் நகர், கிளிநொச்சி

பதில்: துண்டின் தடிப்பை எழுதவில்லையே! பாதி விடை அதில்தான் இருக்கிறது. உடம்பில் பெரும்பாலான கலங்களுக்கு 100–200 மைக்குரோமீற்றருக்குள் ஒரு குருதி மயிர்க்குழாய் உண்டு. ஒட்சிசன் பரவிப் போகக்கூடிய தூரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு மில்லிமீற்றர் துண்டின் நடு, துருசு திறந்தும் தண்ணீர் எட்டாத கடைசி வயல். அதைச் சில்லுக்குள் வைத்தாலும் சாகும். குளிர்ந்த கரைசலுக்குள் வைத்து, அதிர்வலகு வெட்டியால் 200–250 மைக்குரோமீற்றருக்குச் சீவுங்கள்.

சில்லு செய்வது, துண்டின் மேலும் கீழும் புது ஊடகத்தை ஓடவிட்டுக் கழிவைத் தேங்கவிடாமல் கொண்டுபோவது. நிமிடத்துக்கு 5 மைக்குரோலீற்றர் என்றால் நாளுக்கு 7.2 மில்லிலீற்றர், 10 மில்லிலீற்றர் சிறிஞ்ச் 33 மணித்தியாலம் தாங்கும். வேகத்தைக் கூட்டினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். கூட்டினால் உராய்வில் மேற்பரப்புக் கலங்கள் கழன்றுவிடும். இழையம் சுரப்பதும் அளக்கமுடியாத அளவுக்கு ஐதாகிவிடும்.

கேள்வி: ஆறு மணித்தியாலம் ஒழுங்காக ஓடிய சில்லு திடீரென அடைத்துவிட்டது. பம்பில் பிழை இல்லை.
– ஆய்வுகூட உதவியாளர், வவுனியா

பதில்: காற்றுக் குமிழியாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஊடகத்தில் கரைந்திருக்கும் வாயு அதிகம். 37 பாகைக்குச் சூடேறியதும் அது வெளியே வந்து, குழாய் சில்லில் நுழையும் மூலையில் ஒட்டிக்கொள்ளும். ஊடகத்தை முதல் நாளிரவே மூடியைத் தளர்த்தி, 5 சதவீதக் காபனீரொட்சைட்டு உள்ள அடைகாப்பானில் வையுங்கள். இழையம் வைக்கமுன் சில்லை 70 சதவீத எதனோலால் நனையுங்கள். தண்ணீர் ஒட்டாத சிலிக்கோன் சுவரிலும் அது படரும். பிறகு கிருமிநீக்கிய உப்புக் கரைசலால் நன்றாகக் கழுவி, ஊடகத்தை விடுங்கள். எதனோல் மிஞ்சினால் இழையத்தைக் கொன்றுவிடும். குழாயைச் செருகும்போது இரு முனையிலும் துளி ததும்ப நிற்கவேண்டும். சில்லுக்கு முன்னால் ஒரு குமிழிப் பொறியும் வையுங்கள். அடைத்தபின் பம்பை முடுக்கவே கூடாது, குமிழி துண்டையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

மின்வெட்டு உள்ள இடமென்றால் பம்பைவிட அடைகாப்பானைத்தான் முதலில் காப்பு மின்கலத்தில் இணைக்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பம்புக்கே முதலிடம் கொடுங்கள். மூடிய பெட்டி சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும். ஓட்டம் அந்த நொடியே நின்றுவிடும்.

கேள்வி: இழையம் உயிரோடு இருக்கிறதென்று வெட்டிப் பார்க்காமல் அறியலாமா?
– ஆசிரியர், முல்லைத்தீவு

பதில்: வெளியேறும் ஊடகத்தைச் சில மணிக்கொருமுறை சேர்த்து கலம் உடைந்தால் வெளியே கசியும் லற்றேற்று டீஐதரசனேசு என்ற நொதியத்தை அளவிடுங்கள். சீவிய விளிம்பில் உடைந்த கலங்களால் முதலில் கூடுதலாக வரும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. பிறகு இறங்கி மட்டமாக நிற்கவேண்டும். இறங்கியது மீண்டும் ஏறினால் துண்டு இறந்துகொண்டிருக்கிறது. ஊடகம் மஞ்சளாகிக் கலங்கியும் இருந்தால் பற்றீரியா புகுந்துவிட்டது, அந்தச் சில்லை எறிந்துவிடுங்கள்.