பட்டா ஒருத்தர் பேரில், சாவி ஒருத்தர் கையில்

கேள்வி: இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளை மொரிஷியஸுக்கே திருப்பித் தருவதாக பிரிட்டன் ஒப்பந்தம் போட்டது. ஆனால் அவற்றில் ஒன்றான டியேகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் தொடருமாம். அப்புறம் மொரிஷியஸுக்கு என்னதான் மிச்சம்?
- வாசகர், கோவில்பட்டி

பட்டாவும் வாடகையும். 2025 மே மாதம் கையெழுத்தான அந்த ஒப்பந்தப்படி தீவுகள் மொரிஷியஸுடையவை. டியேகோ கார்சியா மட்டும் 99 வருஷம் பிரிட்டன் பொறுப்பில். ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி பவுண்டு வாடகை. 1965-ல், சுதந்திரம் தருவதற்கு முன்பே, இந்தத் தீவுகளைப் பிய்த்து எடுத்துக்கொண்டபோது மொரிஷியஸுக்குக் கொடுத்தது மொத்தமே 30 லட்சம் பவுண்டு. தென்னந்தோப்புகளில் பாடுபட்டுக் கிடந்த ஜனங்களை 1973-க்குள் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரைக் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். புதிய ஒப்பந்தத்திலும் அந்த ஜனங்கள் மற்ற தீவுகளில் குடியேறலாமே தவிர, டியேகோ கார்சியாவில் முடியாது.

அங்கே யார் ராஜ்ஜியம் என்று தெரிய நம்மவர்கள் கதையே போதும். 2021 அக்டோபரில், கனடாவுக்குப் புறப்பட்டதாகச் சொன்ன இலங்கைத் தமிழர்களின் படகு தத்தளித்து அங்கே போய்ச் சேர்ந்தது. வேலி போட்ட முகாமில் கூடாரங்களில் வருஷக்கணக்கில் வைத்திருந்தார்கள். அது சட்டவிரோதக் காவலா என்று விசாரிக்க, 2024 ஜூலையில் அந்தப் பிரதேசத்துக்கான நீதிமன்றமே தீவில் கூடுவதாக இருந்தது. பிரிட்டனின் மண், பிரிட்டனின் நீதிமன்றம். அமெரிக்கா சம்மதம் தரவில்லை, விசாரணை ரத்து! செப்டம்பரில்தான் நடந்தது. சட்டவிரோதக் காவல்தான் என்று டிசம்பரில் தீர்ப்பும் வந்தது. பிரிட்டனுக்கே இந்த மரியாதை என்றால், மொரிஷியஸ் நீதிபதி போய் இறங்குவார் என்று நீங்கள் நம்புகிறீர்களா?

கேள்வி: தன் மண்ணில் அமெரிக்கக் கடற்படைத் தளம் இருக்கும் குவான்டனாமோவுக்கு கியூபா வாடகையே வாங்குவதில்லையாமே! அப்படியானால் காலி செய்யச் சொல்ல வேண்டியதுதானே?
- வாசகி, மதுரை

சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது அவர்களுக்கு. 1934 ஒப்பந்தப்படி இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும், அல்லது அமெரிக்கா தானாகக் கிளம்ப வேண்டும். வேறு வழி கிடையாது. வருஷத்துக்கு 4,085 டாலருக்குக் காசோலை வரும். ஃபிடல் காஸ்ட்ரோ அவற்றை மேசை டிராயரில் போட்டு வைத்திருந்தார். தொலைக்காட்சி நிருபருக்குத் திறந்தும் காட்டினார். காஸ்ட்ரோ புரட்சி செய்து ஆட்சிக்கு வந்த 1959-ல் வந்த ஒன்றை மட்டும் ஏதோ குழப்பத்தில் வங்கியில் மாற்றிவிட்டார்கள். புரட்சி அரசும் குத்தகையை ஏற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி என்று வாஷிங்டன் காட்டுவது அந்த ஒரு காசோலையைத்தான்.