தலாஸ் போரும் கந்தல் துணியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் 28 வருடமாக மெஷின் ஓட்டுகிறேன். உங்கள் மத்தியகால வரலாற்றுக் கட்டுரைகளை இரவு ஷிப்ட் முடிந்து வந்துதான் படிப்பேன். ஒரு காணொளியில், 751ஆம் ஆண்டு தலாஸ் போரில் அரபுகளிடம் சிக்கிய சீனக் கைதிகள் காகிதம் செய்யும் ரகசியத்தைச் சொல்லிவிட்டார்கள், உலகத்தை மாற்றியது அந்த ஒரு நாள்தான் என்றார்கள். உண்மையா? ஐரோப்பாவின் மத்தியகாலத்தை ‘இருண்ட காலம்’ என்பது சரியா? ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா மூன்றையும் சேர்த்துப் படிக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்? எனக்கு வயது 53. படிப்பு பத்தாவதோடு சரி. இனிமேல் படித்து என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றுகிறது.

எஸ்., சிவகாசி

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில். அதை இன்னொரு முறை யாருக்கும் எழுதாதீர்கள். மழைக்காலத்தில் தாள் ஏன் சுருள்கிறது, எந்தத் தாளில் மை ஊறும், எதில் மேலேயே நிற்கும் என்று விரல் நுனியில் வைத்திருப்பவர் நீங்கள். இந்த வரலாற்றைப் படிக்க அதைவிடப் பெரிய தகுதி கிடையாது.

‘இருண்ட காலம்’ என்ற சொல்லை விட்டுத்தள்ளுங்கள். அதைப் பற்றி வாதிடும் நேரத்தில் உருப்படியாக ஓர் அத்தியாயம் படித்துவிடலாம்.

தலாஸுக்கு வருகிறேன். மத்திய ஆசியாவில் போர் நடந்தது, சீனாவை ஆண்ட டாங் வம்சத்தின் படை தோற்றது, கைதிகள் பிடிபட்டார்கள். இதெல்லாம் சரி. அப்படிப் பிடிபட்டவர்களில் ஒருவர் டூ ஹுவான். 762இல் சீனா திரும்பியவர். அரபுகளின் நாட்டில் தான் பார்த்த சீனக் கைவினைஞர்களைக் குறித்துவைத்திருக்கிறார்: நெசவாளர்கள், ஓவியர்கள், பொன் வெள்ளி வேலை செய்பவர்கள். காகிதம் செய்பவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. மத்திய ஆசிய நகரமான சமர்கண்டுக்குக் காகிதத்தைக் கைதிகள் கொண்டுவந்தார்கள் என்று எழுதிய எழுத்தாளர் தஆலிபி 11ஆம் நூற்றாண்டுக்காரர். போர் முடிந்து ஏறத்தாழ முந்நூறு வருடம் கழித்து எழுதுகிறார்.

அதைவிட வலுவான சாட்சி காகிதமேதான். சீனாவின் துன்ஹுவாங் அருகே ஒரு காவல்கோபுர இடிபாட்டில் 1907இல் ஒரு கட்டு சோக்தியக் கடிதங்கள் கிடைத்தன. சோக்தியர்கள் சமர்கண்ட் பக்கத்து மக்கள். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வணிகர்களும் அவர்கள் வீட்டாரும் காகிதத்தில் எழுதியவை. அதில் ஒரு கடிதம் சமர்கண்டுக்கு முகவரியிட்டது. பஞ்சிகந்தின் சோக்தியத் தலைவர் தேவாஷ்திச் 722இல் கொல்லப்பட்டார். முக் மலைக் கோட்டையில் கிடைத்த அவருடைய ஆவணங்களிலும் தோலோடும் குச்சிகளோடும் காகிதம் இருக்கிறது. தலாஸ் போருக்கு இன்னும் முப்பது வருடம் இருந்தது அப்போது.

என் கோபம் இங்கேதான். காணொளிக்காரர் சொல்லட்டும், அவர் தாளைத் தொட்டறியாதவர். நீங்கள் எப்படி நம்பினீர்கள்? ஒரு கைதி வாயால் சொல்லி, மறுநாள் ஒரு தொழில் நடந்துவிடுமா? உங்கள் மெஷினைப் பற்றி ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். மறுநாள் அவர் நாலு கலர் ரிஜிஸ்டர் தப்பாமல் ஓட்டிக் காட்டுவாரா?

அந்த வேலை என்னவென்று பாருங்கள். இன்றைய துனீசியாவை ஆண்ட இப்னு பாதிஸ் என்ற ஸிரித் வம்ச அரசரின் பெயரில் 11ஆம் நூற்றாண்டுக் கையேடு ஒன்று வழங்குகிறது. மை, எழுதுகோல், புத்தகக் கட்டுமானம் எல்லாம் உண்டு. காகிதத்துக்கும் ஒரு பகுதி. முதலில் ஆளி நாரைச் சக்கை நீக்கி, சீப்பால் வாரி மிருதுவாக்க வேண்டும். இரவு முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவேண்டும். காலையில் கையால் கசக்கி, பகல் முழுவதும் வெயிலில் காயப்போட வேண்டும். இரவில் மறுபடி சுண்ணாம்பு. இப்படி மூன்று, ஐந்து அல்லது ஏழு இரவுகள். நாரைக் கட்டிவைத்திருக்கும் பிசினைச் சுண்ணாம்பு இளக்கும், வெயில் வெளுக்கும். வெளுத்ததும் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கி, நல்ல தண்ணீரில் ஏழு நாள். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், சுண்ணாம்பு அப்போதுதான் முழுக்கப் போகும். பிறகு ஈரத்தோடு உரலில் இடித்தல். இங்கே சோம்பினால் கூழில் முடிச்சு நிற்கும், முடிச்சு நின்ற தாளில் பேனா இடறும். அதன் பின் நாணலால் பின்னிய அச்சில் கூழை ஊற்றி, ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியாமல் கையால் சமன் செய்து, தண்ணீர் வடிந்ததும் பலகையில் கவிழ்த்து, சுவரில் ஒட்டிக் காயவிட வேண்டும். காய்ந்தால் தானே விழும்.

இத்தனைக்குப் பிறகும் அதில் எழுத முடியாது, மை பரவிவிடும். மாவும் ஸ்டார்ச்சும் சம அளவு எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, நீர்த்த கஞ்சியைத் தாளின் ஒரு பக்கம் பூசி, காய்ந்ததும் மறுபக்கம் பூசி, மெருகிட வேண்டும். சோறு வடித்த கஞ்சியிலும் செய்யலாம். வெள்ளை வேட்டிக்குக் கஞ்சி போடும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இவ்வளவையும் தூக்கி நிறுத்தியது தேவை. பாக்தாத் அலுவலகங்கள் 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் காகிதத்துக்கு மாறின. தோலில் எழுதியதைச் சுரண்டிவிட்டு வேறு எழுதலாம். காகிதத்தில் சுரண்டினால் அந்த இடம் காட்டிக்கொடுக்கும். வரிக்கணக்கு வைத்திருந்தவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? மத்திய ஆசியாவிலும் மேற்கிலும் சீனத்து முசுக்கட்டைப் பட்டையை எதிர்பார்த்து யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கந்தல் துணியும் பழங்கயிறும் எந்த ஊரிலும் இருந்தன. எகிப்தில் இந்தக் கந்தல் காகிதம் 10ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பாப்பிரஸையே ஒழித்துவிட்டது.

அதே கஞ்சிதான் ஐரோப்பாவில் காலை வாரியது. வறண்ட ஊரில் கஞ்சித்தாள் நன்றாக இருக்கும். ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும், பூச்சிக்கு அது விருந்து. சிசிலியில் 1109ஆம் ஆண்டின் காகித ஆவணம் ஒன்று இன்றும் இருக்கிறது. ஆனால் அதே சிசிலியை ஆண்ட இரண்டாம் பிரெடெரிக் 1231இல், பொது ஆவணங்களைத் தோலில்தான் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டார். இறகுப் பேனாவின் கூரான முனையும் மென்மையான கஞ்சிப் பரப்பைக் கீறியது.

இந்தக் கோளாறுகளைத் தீர்த்தவர்கள் இத்தாலியின் ஃபப்ரியானோ ஊர்க்காரர்கள், 13ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். கம்பளி நெசவு நடந்த ஊர் அது. கம்பளியை அடித்து இறுக்க நீர்ச்சக்கரச் சம்மட்டிகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றின் தலையில் இரும்பு ஆணி அடித்துக் கந்தலை இடித்தார்கள். கஞ்சிக்குப் பதில், தோல் கழிவைக் காய்ச்சி எடுத்த வச்சிரம். நம் தச்சர்கள் பயன்படுத்தினார்களே, அதே சரக்கு. தாளை அதில் முக்கி எடுத்தால் பரப்பு இறுகும், பூச்சியும் அவ்வளவாக அண்டாது. வெயில் காலத்தில் வச்சிரமே கெட்டு நாறிவிடும் என்பது அதன் தொல்லை. கம்பியால் செய்த அச்சில் ஓர் உருவத்தையும் வளைத்துத் தைத்தார்கள். அந்த இடத்தில் கூழ் மெலிந்து வெளிச்சம் தெரியும். நமக்குத் தெரிந்தவரை மிகப் பழைய நீர்க்குறி 1282ஐச் சேர்ந்தது. சிலுவை வடிவம்.

அந்தத் தாள் பிறகு தெற்கே கடல் தாண்டியது. வட ஆப்பிரிக்காவின் திலிம்சானில் 1409இல் மார்க்க அறிஞர் இப்னு மர்ஸூக்கிடம் கேட்டார்கள்: சிலுவைக் குறியுள்ள கிறித்தவர் காகிதத்தில் நாம் எழுதலாமா? எழுதலாம் என்றார். மேலே எழுதப்படும் உண்மை அடியிலிருக்கும் குறியை மறைத்துவிடும் என்பது அவர் வாதம். காகிதம் செய்ய ஐரோப்பாவுக்குக் கற்றுக்கொடுத்த உலகம், முந்நூறு வருடத்துக்குள் அதனிடமே காகிதம் வாங்கியது. இந்தத் திருப்பத்தைத்தான் நீங்கள் படிக்க வேண்டும், எஸ். தலாஸை அல்ல.

நம் பக்கம் ஓலை போதுமாக இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த யூத வணிகர் ஆபிரகாம் பென் யிஜுவுக்கு ஏடனிலிருந்த நண்பர் பரிசுப்பொருள்களோடு காகிதமும் அனுப்பியிருக்கிறார். சரக்கு வந்த வழியில் சொல்லும் வந்தது. பாரசீகத்தின் ‘காகஸ்’ நம் வாயில் காகிதம். நீங்கள் தினமும் எண்ணும் ரீம், கட்டு என்று பொருள்படும் அரபுச் சொல்லான ‘ரிஸ்மா’. ஸ்பெயின், பிரான்ஸ், இங்கிலாந்து சுற்றிச் சிவகாசிக்கு வந்திருக்கிறது. கடுதாசி போர்த்துக்கீசியர் விட்டுச்சென்றது.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். நாளை ஷிப்டில் ஒரு வெள்ளை எழுதுதாள் எடுங்கள். மருந்துக்கடை அயோடினைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து ஒரு சொட்டு விடுங்கள். தாளில் ஸ்டார்ச் இருந்தால் கருநீலமாகும். பெரும்பாலும் ஆகும், ஏனென்றால் இன்றைய மில்களும் அந்தத் துனீசியக் கையேட்டின் கஞ்சிக்கே திரும்பியிருக்கின்றன. எந்தத் தாள் நீலமானது, எது ஆகவில்லை என்று குறித்து எனக்கு எழுதுங்கள். அடுத்துப் படிக்க வேண்டியதை அதிலிருந்து பேசுவோம்.