சட்டம் கேளுங்கள்: “செலவு போக 15 விழுக்காடு” என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்

கேள்வி: வணக்கம் அம்மா. செம்பவாங்கில் எங்களுக்கு ஒரு பழைய தரைவீடு. மகனுக்குக் கல்யாணம் ஆகப்போகிறதே என்று மேலே ஒரு மாடி எழுப்பி, பின்கட்டையும் நீட்டினோம். ஆர்க்கிடெக்ட் வரைபடம் போட்டு முறையாக அனுமதி வாங்கினார். காண்ட்ராக்டர் கோயிலில் பழக்கமானவர். “ஆகிற செலவைக் கொடுங்கண்ணே, மேலே 15 விழுக்காடு எனக்கு” என்றார். ஒப்பந்தம் இரண்டே பக்கம். “380க்குள்ள முடிச்சிடலாம்” என்று, அதாவது 380,000 வெள்ளிக்குள், வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். இதுவரை 310,000 வெள்ளி கொடுத்துவிட்டேன். வேலை முடியவில்லை. போன வாரம் 96,400 வெள்ளிக்கு ‘பேமென்ட் கிளெய்ம்’ (பணம் கேட்கும் கோரிக்கை) என்று ஒரு தாள் வந்திருக்கிறது. கேட்டால், “ரசீது இருக்குண்ணே” என்கிறார். நான் என்ன செய்ய?
- வாசகர், செம்பவாங்

பதில்: ஐயா, இது அச்சில் வரும்வரை காத்திருந்தால் உங்கள் கெடு தாண்டிவிடும் என்பதால்தான் கடிதம் கிடைத்த அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதல் அவசரம் அந்தத் தாள். கட்டுமானத் துறையில் வேலை செய்தவனுக்குப் பணம் முடங்கக்கூடாது என்று இங்கே சிங்கப்பூரில் ஒரு சட்டம் இருக்கிறது. 2004ல் இயற்றி, 2005 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வீட்டு வேலை என்றால் அது பொருந்தாது என்று பலர் நினைக்கிறார்கள். கட்டட அனுமதி தேவைப்படாத வீட்டு வேலைக்குத்தான் அந்த விலக்கு. உங்கள் மாடிக்கு அனுமதி வாங்கியிருக்கிறீர்கள், அதனால் சட்டம் உங்களையும் பிடிக்கும். பதில் தர எத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், கிளெய்ம் வந்ததிலிருந்து 14 நாளுக்குள் ‘பேமென்ட் ரெஸ்பான்ஸ்’ என்ற உங்கள் பதில் எழுத்தில் போக வேண்டும். அதற்குப் பிறகு 7 நாள் பேசித் தீர்க்க அவகாசம் உண்டு. ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். பதில் போடாமல் விட்டால், அவர் சிங்கப்பூர் மீடியேஷன் சென்டர் வழியாக அட்ஜுடிகேஷனுக்கு, அதாவது நடுவர் தீர்ப்புக்குப் போவார். பதிலில் எழுதாத ஆட்சேபத்தை அங்கே எழுப்ப அநேகமாக இடமே கிடைக்காது. கோபத்தில் தாளை மேசை இழுப்பறையில் போட்டு வைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நியாயம் அவர்கள் பக்கம் இருந்தும் முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகுதான் வழக்காடப் போனார்கள்.

பதிலில் இவ்வளவு தருகிறேன், இவ்வளவு தரமாட்டேன், இன்ன இன்ன காரணம் என்று ஒவ்வொரு வரிக்கும் எழுதுங்கள். மறுக்க முடியாத தொகையைக் கொடுத்துவிடுங்கள்.

இனி அந்த 96,400. நீங்கள் அனுப்பிய ரசீதுகளை ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். குளியலறை ஓடு இரண்டு முறை வாங்கியிருக்கிறார். முதல் தடவை சரிவு தப்பாகப் போட்டு, உடைத்துவிட்டு மறுபடி போட்டதாக நீங்களே சொன்னீர்கள். அந்த இரண்டாவது செலவு 11,200, மேலே 15 விழுக்காடு சேர்த்து 12,880. அவருடைய தவறைத் திருத்த நீங்கள் கூலியும் கொடுத்து லாபமும் கொடுப்பதா? ‘செலவு’ என்றால் என்ன என்று உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. அதனால் இந்த வேலைக்காக, நியாயமாக ஆன செலவு மட்டும்தான் என்று உறுதியாக வாதிடலாம்.

கிடங்கு வாடகையையும் போட்டிருக்கிறார். கம்பெனி நடத்தும் செலவுக்குத்தானே அந்த 15 விழுக்காடு! வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை வேறு விஷயம். உங்கள் வீட்டில் வேலை செய்த நாட்களுக்கு உரிய பங்கை அவர் கேட்கலாம், முழு மாதத்துக்கும் கேட்க முடியாது. இன்னொன்று, பலர் கவனிக்காதது: அவர் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்தவர். சிமெண்டுக்கும் கம்பிக்கும் கட்டிய 9 விழுக்காடு வரியை அவர் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் கிளெய்மில் வரியோடு சேர்த்த தொகையைச் செலவாகக் காட்டி, அதன்மேல் தன் விழுக்காட்டையும் ஏற்றி, பிறகு மொத்தத்துக்கும் மறுபடி வரி போட்டிருக்கிறார். ஒவ்வொரு பில்லிலும் வரியைக் கழித்துக் கணக்கிடச் சொல்லுங்கள்.

என் அப்பா கட்டுமானத் தளத்தில் ஸ்டோர் பார்த்தவர். லாரி வந்ததும் மூட்டையை எண்ணிவிட்டுத்தான், பொருள் இறக்கியதற்கான சீட்டான டெலிவரி ஆர்டரில் (டிஓ) கையெழுத்துப் போடுவார். அந்தத் தாள்களைக் கம்பியில் குத்தி வைத்திருப்பார். “பில் யார் வேணும்னாலும் அடிக்கலாம், டிஓ-வைக் கேளு” என்பார். அதனால்தான் பில்லைப் பார்த்ததும் எனக்கு டிஓ ஞாபகம் வரும். நீங்கள் அனுப்பிய ரசீதுகளில், கம்பிக்கான ஒரு பில்லுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் டிஓ-வில் இறக்கிய இடம் யீஷூன் என்று இருக்கிறது, ஐயா. எழுத்து மங்கலாக இருந்தாலும் படிக்க முடிகிறது. உங்கள் வீடு செம்பவாங்கில்.

“380க்குள்ள” என்ற செய்தியை அழித்துவிடாதீர்கள். அது உச்சவரம்பு என்று நிரூபிப்பது கடினம், மதிப்பீடு என்றுதான் அவர் சொல்வார். ஆனாலும் 380,000 என்று சொன்னது, கொடுத்ததும் கேட்பதும் சேர்த்து எப்படி 406,400 ஆனது என்று விளக்க வேண்டியவர் அவர்தான்.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அங்கே 20,000 வெள்ளி வரைதான், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. உங்கள் தகராறு அதைத் தாண்டும். வீவக அடுக்குமாடி வீட்டில் சமையலறை மாற்றுகிறவர்களுக்குத்தான் அந்த வழி பெரும்பாலும் உதவும்.

இனிமேல் கையெழுத்துப் போடப் போகிறவர்கள், விழுக்காட்டை விட்டுவிட்டு நிர்ணயித்த ஒரு தொகையைக் கூலியாகப் பேசுங்கள். செலவு 10,000 ஏறினால் அவருக்கு 1,500 கூடும் என்ற ஏற்பாட்டில், எவ்வளவு நல்ல மனிதரும் மலிவான கடையைத் தேடி அலையமாட்டார். உச்சவரம்பு ஒன்றைத் தாளில் எழுதுங்கள். கடைக்காரர் தரும் தள்ளுபடி உங்களுக்கே வர வேண்டும், பில்லும் டிஓ-வும் கேட்டபோது காட்ட வேண்டும் என்றும் எழுதுங்கள்.

ஐயா, திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வரும்போது அந்த யீஷூன் டிஓ-வின் அசலையும் அவரிடம் கேட்டு வாங்கிவாருங்கள். கொடுக்க மறுத்தால், கேட்ட தேதியையும் அவர் சொன்ன பதிலையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.