சூடானதும் நிற்கும் ஹொண்டா சி70

கண்டென்சரை, அதாவது பொயின்ட் கருகாமல் காக்கும் சிறு மின்பாகத்தை, மாற்றுங்கள். புதுப் பொயின்ட் (திறந்து மூடிப் பிளக்கில் பொறி வரவைக்கும் மின்தொடுப்பு) போட்ட பிறகும் கல்லடியிலிருந்து புறப்பட்டால் காத்தான்குடி தாண்டமுன் நிற்கிறது, ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது, பொயின்ட் ஒரே வாரத்தில் கருகிவிட்டது என்கிறீர்கள். பொயின்ட் இவ்வளவு விரைவாகக் கருகினால் முதல் சந்தேகம் கண்டென்சர்தான். உங்கள் மோட்டார் சைக்கிளில் அது மக்னட்டுக்கு, அதாவது எஞ்சினோடு சுற்றும் காந்தச் சக்கரத்துக்கு, பின்னால் எஞ்சின் சூட்டிலேயே கிடக்கிறது.

வாங்க முன் ஒன்று பாருங்கள். நின்ற கையோடு பிளக்கைக் கழற்றி, அதன் வயர் முனையில் உள்ள கப்பில் மாட்டி, பிளக் துளையிலிருந்து விலக்கி எஞ்சினின் வெறும் உலோகத்தில் தொடவைத்துக் கிக் அடியுங்கள். பொறி மஞ்சளாக, மெலிந்து வந்தால் நான் சொன்ன கண்டென்சர்தான். நல்ல நீலப் பொறி என்றால் காபரேட்டர் பக்கம் பாருங்கள்.

மக்னட்டைப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டுத்தான் கழற்றவேண்டும். சுத்தியலால் தட்ட யாரையும் விடாதீர்கள், கிராங்க் முனை கெட்டுவிடும்.

கண்டென்சருக்கு எர்த் அதன் தகடு வழியாகத்தான் போகிறது. கடற்கரை உப்புக் காற்றில் அந்த இடம் பூத்துப்போயிருக்கும், பளிச்சென்று சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள். பொயின்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். மக்னட்டில் உள்ள எஃப் கோடு எஞ்சின் குறிக்கு நேரே வரும்போது பொயின்ட் திறக்கத் தொடங்கவேண்டும். இடையில் மெல்லிய தாள் வைத்து மெதுவாக இழுத்தால் அந்த நொடி கையில் தெரியும். புதுப் பொயின்ட் முகத்தில் எண்ணெய் இருக்கும், துடைக்க மறக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு சூட்டில் நின்றால் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் கொயிலைச் சந்தேகியுங்கள். அதற்கு முன் கொயில் வாங்கவேண்டாம், விலை கூட.